மௌனம் காக்க முடியாத வரலாறு: சிற்றுருவப் படைகளும் போர் விளையாட்டும்

வாட்டர்லூ போர் நடந்து 15 ஆண்டுகள் கழித்து, 1830-இல், அந்தப் போர்க்களத்தை மாதிரியாகச் செய்து தரும் பொறுப்பு வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிக்குத் தரப்பட்டது. களத்தின் நடுவிலிருந்த லா ஹே சாந்த் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதம் தங்கி அவர் மேடு பள்ளங்களை அளந்தார். பிறகு, போரில் பங்கெடுத்து உயிரோடிருந்த அதிகாரிகளுக்குச் சுற்றுக் கடிதம் அனுப்பினார். 1815 ஜூன் 18 மாலை ஏழு மணியளவில், நெப்போலியனின் இம்பீரியல் கார்டு படை மேட்டில் ஏறி வந்தபோது உங்கள் பிரிவு எந்த அணிவகுப்பில் நின்றது? எதிரே வந்த எதிரியின் அணிவகுப்பு எது? உங்களுக்கு முன்னாலிருந்த வயலில் என்ன பயிர்? கடைசிக் கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் மாதிரி செய்பவருக்கு அது தவிர்க்க முடியாத கேள்வி. நிலத்துக்கு ஏதாவது ஒரு நிறம் பூசியாக வேண்டும். பயிர் ஆள் உயரம் நின்றதா, மிதிபட்டுக் கிடந்ததா என்று முடிவு செய்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான பதில்கள் வந்தன. இன்றும் வாட்டர்லூ ஆய்வாளர்கள் முதலில் புரட்டும் ஆவணங்களில் அந்தக் கடிதங்களும் உண்டு. 1838-இல் லண்டன் எகிப்தியன் ஹாலில் மக்கள் பார்வைக்கு வந்த அந்த மாதிரி, 70,000-க்கும் மேற்பட்ட உலோக உருவங்களோடு இப்போது செல்சியிலுள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த மாதிரி ஒரு பெரிய சர்ச்சையையும் கிளப்பியது. பிரிட்டிஷாருக்கு உதவ வந்த பிரஷ்யப் படை மாலை ஏழு மணிக்குக் களத்தில் எவ்வளவு தூரம் முன்னேறியிருந்தது, எத்தனை பேர் வந்து சேர்ந்திருந்தார்கள் என்பதே அதன் மையம். கிடைத்த சான்றுகளின்படி சைபோர்ன் பிரஷ்யர்களை நிறுத்தினார். வெற்றியில் அவர்களின் பங்கை அது மிகைப்படுத்துகிறது என்றும், வெவ்வேறு நேரத்து நிலைகளை ஒரே கணமாகக் காட்டுகிறது என்றும் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தரப்பில் மனக்கசப்பு எழுந்தது. அரசின் பண உதவி அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. கடனில் மூழ்கிய சைபோர்ன் இறுதியில் பிரஷ்ய உருவங்களில் பெரும்பகுதியைக் களத்திலிருந்து எடுத்துவிட்டார். இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. போர் முடிந்த மறுநாள் வெலிங்டன் எழுதிய அறிக்கையிலேயே பிரஷ்யர்களின் உதவிக்கு நன்றி சொல்லப்பட்டிருந்தது. அதை யாரும் எதிர்க்கவில்லை. 'பிரஷ்யர்கள் தக்க நேரத்தில் உதவினார்கள்' என்ற வாக்கியத்துக்குள் எல்லாத் தரப்பும் வசதியாக இடம் பிடித்துக்கொள்ளலாம். அதே செய்தியை இந்த இடத்தில், இந்த நேரத்தில், இத்தனை உருவங்கள் என்று மாற்றியதும் யாருக்கும் ஒதுங்க இடமில்லாமல் போயிற்று.

சிற்றுருவப் படைகளுக்கு வண்ணம் தீட்டி, மேசைமேல் வரலாற்றுப் போர்களை ஆடும் பொழுதுபோக்கைப் பலரும் பெரியவர்களின் பொம்மை விளையாட்டு என்றே ஒதுக்கிவிடுகிறார்கள். என் வாதம் வேறு. எழுத்து மௌனம் காக்கலாம். சிற்றுருவமும் ஆட்ட விதியும் மௌனம் காக்க முடியாது. தெரியாததை எழுதாமல் விடுவதற்கு வரலாற்று நூலில் இடம் உண்டு. மேசையில் ஒரு படையை நிறுத்துபவரோ அதன் எண்ணிக்கை, நிறம், இடைவெளி, வேகம், மனஉறுதி எல்லாவற்றையும் ஏதாவது ஒரு அளவில் அறிவித்தே தீர வேண்டும். அப்படி அறிவிக்கப்பட்ட ஒவ்வொன்றும் சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு வரலாற்றுக் கூற்று. ஆகவே இந்தப் பொழுதுபோக்கு, அதன் நல்ல வடிவத்தில், கடந்தகாலத்தைப் பற்றிய நம் விளக்கங்களைச் சோதிக்கும் ஒரு முறை. அதன் குறைகளும் அந்த இயல்பிலிருந்தே பிறக்கின்றன.

இந்த முறை எப்படி உருவானது என்பதே வாதத்துக்கு முதல் சான்று. காலாள், குதிரை, யானை, தேர் என்ற நால்வகைப் படையை மாதிரியாகக் கொண்டு இந்தியாவில் பிறந்த சதுரங்கம் ஐரோப்பா சென்று செஸ் ஆனது. 1780-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துக் கணித ஆசிரியர் யோஹான் ஹெல்விக், அதே செஸ்ஸை அடிப்படையாக வைத்து ஒரு போர்த்தந்திர ஆட்டத்தை வெளியிட்டார். அவர் பலகையில் கட்டங்கள் ஆயிரத்தைத் தாண்டின; மலை, நீர், சதுப்பு நிலத்துக்குத் தனித்தனி நிறங்கள் வந்தன. செஸ்ஸில் நிலம் என்று ஒன்று கிடையாது. ஹெல்விக் நிலத்தைக் கொண்டுவந்தார். அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர்கள் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் குடும்பத்துத் தந்தையும் மகனும். தந்தை 1812-இல் அரசருக்குச் செய்து கொடுத்த மேசையில் நிலத்தைக் காட்டும் துண்டுகளை வேண்டியபடி மாற்றி அடுக்கிக் கட்டங்களே இல்லாத களத்தை உருவாக்கலாம். மகன் 1824-இல் வெளியிட்ட விதிகளில் 1:8000 அளவிலான வரைபடம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று, சுடும் விளைவைத் தீர்மானிக்கப் பகடை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நடுவர் என்று அமைந்தது. ஆட்டக்காரர் கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுப்பார். எதிரியின் எந்தப் படை அவர் கண்ணில் படும் என்பதை நடுவரே முடிவு செய்வார். சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் தெரியும், காய் சொன்னபடி நகரும், வெட்டினால் வெட்டியதுதான். போரில் இந்த மூன்றுமே இல்லை என்ற கூற்றை ரைஸ்விட்ஸ் விதிகளாக எழுதினார். நீண்ட நூல்களில் அறியாமை, தாமதம், தற்செயல் என்று படைச் சிந்தனையாளர்கள் விவாதித்தவை அங்கே ஒரு நடுவராகவும், ஒரு தாளாகவும், ஒரு பகடையாகவும் உருவெடுத்தன.

மற்றொரு கிளை பொம்மைக் கடைகளிலிருந்து வந்தது. நியூரம்பெர்க் நகரில் 18-ஆம் நூற்றாண்டிலேயே தட்டையான தகர வீரர்கள் வார்க்கப்பட்டார்கள். லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-இல் உள்ளே வெற்றிடம் விட்டு வார்க்கும் முறையைக் கண்டுபிடித்ததும் ஈய வீரர்களின் விலை இறங்கிற்று. அவர்களை வைத்து ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற விதி நூலை வெளியிட்டார். சவுத்ஹாம்டன் நகரத்து உடலியக்க மருத்துவரும் இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவருமான டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962-இல் எழுதிய நூல், சிதறிக் கிடந்த ஆர்வலர்களை ஒரு சமூகமாக்கியது. 1969-இல் ஃபில் பார்க்கரும் நண்பர்களும் தொடங்கிய வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப், பெயரிலேயே ஆய்வைச் சேர்த்துக்கொண்டது. பண்டைய, இடைக்காலப் படைகள் ஒவ்வொன்றிலும் எந்த வகை வீரர் எத்தனை விகிதம் என்று அவர்கள் போட்ட பட்டியல்களில் தமிழ் அரசுகளின் படைக்கும் இடமுண்டு. பட்டியல் சரியா, தவறா என்பது அடுத்த கேள்வி. யானை எத்தனை, வில்லாள் எத்தனை என்று ஒரு எண்ணைச் சொல்லியதால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடிகிறது.

வண்ணம் தீட்டும் மேசையை இனி நெருங்கிப் பார்க்கலாம். 28 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு வெள்ளீய வீரன். அச்சு சேர்ந்த இடத்திலுள்ள கோட்டை அரத்தால் தேய்த்து, பிரைமர் அடித்து, அடி நிறம் கொடுத்து, நீர்த்த கருநிறத்தை மடிப்புகளில் ஓடவிட்டு, மேடான விளிம்புகளில் வெளிர் நிறத்தைத் தொட்டு வைப்பார்கள். இதில் கைத்திறனுக்குச் சமமாக முடிவெடுக்கும் வேலையும் உண்டு. நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் வீரனுக்குச் சிவப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தச் சிவப்பு? சாதாரண வீரனின் சட்டை மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரில் சாயமிட்டது; மங்கிய செங்கல் நிறத்துக்கு நெருக்கமானது. அதிகாரியின் சட்டை அமெரிக்காவிலிருந்து வந்த கொச்சினீல் பூச்சிச் சாயத்தில் தோய்த்த பளிச்சென்ற செம்மை. இரண்டு தூரிகைத் தீற்றலில் ஒரு ராணுவத்தின் வர்க்கப் பிரிவு வெளிப்படுகிறது. பிரெஞ்சு வீரனுக்கு நீலம் என்றால், 1806-இல் நெப்போலியன் தன் காலாட்படையை வெள்ளைச் சட்டைக்கு மாற்ற ஆணையிட்டதை என்ன செய்வது? கடல் பிரிட்டன் வசம் இருந்ததால் அவுரிச் சாயம் அரிதாகியிருந்தது. சில பிரிவுகளுக்கு மட்டும் வெள்ளை வழங்கப்பட்டு, விரைவிலேயே அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஆகவே 1807-ஆம் ஆண்டுக்கான பிரெஞ்சுப் படை ஒன்றைத் தீட்டுபவர் எந்தப் பிரிவு எப்போது எந்தச் சட்டை அணிந்தது என்று தேடும்போது, கடல் வணிகம், சாயத் தட்டுப்பாடு, தளவாடத் துறையின் தாமதம் என்று ஒரு பொருளாதார வரலாற்றுக்குள் நுழைகிறார். அது அவர் தேடிப் போன செய்தி இல்லைதான். நிறத்தை வெறுமையாக விட முடியாத கட்டாயம் அவரை அங்கே கொண்டு சேர்த்தது.

அளவுக் கணக்கும் அப்படித்தான். 600 பேர் கொண்ட ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன் இரண்டு வரிசையாக நிற்கிறது என்று கொள்வோம். ஒரு வரிசைக்கு 300 பேர். ஆளுக்கு 55 சென்டிமீட்டர் என்றால் அணியின் அகலம் 165 மீட்டர். இருபது வீரர்க்கு ஓர் உருவம் என்ற வழக்கமான விகிதத்தில் மேசைமேல் 30 உருவங்கள், வரிசைக்கு 15. ஓர் உருவத்தின் அடித்தட்டு 15 மில்லிமீட்டர் அகலம் என்றால் அணி 225 மில்லிமீட்டர் அகலம். அதாவது மேசையின் ஒரு மில்லிமீட்டர் களத்தின் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கில் 28 மில்லிமீட்டர் வீரன் 20 மீட்டர் உயரம் நிற்கிறான்! உயரம் கண்ணுக்கு மட்டுமே ஆனது என்று விட்டுவிடலாம். ஆழத்தை விட முடியாது. உண்மையில் இரண்டு மீட்டர் ஆழம்கூட இல்லாத மெல்லிய மனித வேலி, இரண்டு 20 மில்லிமீட்டர் அடித்தட்டுகளால் ஏறத்தாழ 29 மீட்டர் தடிப்புள்ள சுவராகிவிடுகிறது. சைபோர்னும் இதே சிக்கலில் மாட்டியவர்தான். அவர் நில அளவுப்படி மூன்று மில்லிமீட்டர் இருக்க வேண்டிய வீரர்கள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறார்கள். அளவுகளை இப்படி ஒன்றோடொன்று மோதவிடும் பழக்கம் வரலாற்றாய்வுக்குப் புதிதன்று. ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் டெல்புரூக், பாரசீக மன்னர் செர்க்ஸஸின் படையில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாக ஹெரோடோட்டஸ் தந்த கணக்கைச் சாலையில் நடக்கவிட்டுப் பார்த்தார். முன்னணி தெர்மோபைலியை அடையும்போது பின்னணி சூசா நகரிலிருந்து அப்போதுதான் புறப்பட்டிருக்கும். அந்த எண் அத்தோடு வீழ்ந்தது. நல்ல மேசை ஆட்டம் ஒவ்வொரு சுற்றிலும் டெல்புரூக்கின் கேள்வியைக் கேட்கிறது: இத்தனை பேர் இவ்வளவு இடத்தில், இவ்வளவு நேரத்தில் அடங்குவார்களா?

விதிகள் எப்படி வரலாற்றுக் கூற்றுகளாகின்றன என்பதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, கிடைவரிசைக்கும் நெடுவரிசைக்கும் இடையிலான பழைய விவாதம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றாசிரியர் சார்லஸ் ஓமன், நெப்போலியனின் படைகளைப் பிரிட்டிஷார் வென்றதற்கு ஒரு கணக்கு சொன்னார். இரண்டு வரிசையாக நிற்கும் 600 பிரிட்டிஷாரின் 600 துப்பாக்கிகளும் சுடும். இரண்டு கம்பெனி அகலத்தில் ஆழமாக வரும் 600 பிரெஞ்சுக்காரரில் முன்னிரு வரிசையிலுள்ள 130 பேர் மட்டுமே சுட முடியும். 1806 ஜூலை 4-இல் தெற்கு இத்தாலியின் மைடா களத்தை அவர் இதற்குத் தூய சான்றாகக் காட்டினார். எளிமையும் எண்ணும் சேர்ந்த இந்த விளக்கம் போர் விளையாட்டுக்காரர்களுக்கு அப்படியே பொருந்தியது. எத்தனை உருவங்கள் சுடுகின்றன என்று எண்ணு, பகடை உருட்டு, வீழ்ந்தவர்களை அகற்று என்று தலைமுறை தலைமுறையாக விதிகள் எழுதப்பட்டன. ஆனால் மைடாவில் பிரெஞ்சுக்காரர்கள் கிடைவரிசையாகவே விரிந்து தாக்கினார்கள் என்பதை ஓமனே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1982-இல் வரலாற்றாய்வாளர் ஜேம்ஸ் ஆர்னால்ட் அந்த விவாதத்தை மீண்டும் எழுப்பி விரிவாக நிறுவினார். சான்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் கற்பித்தவரும், தாமே தீவிரப் போர் விளையாட்டுக்காரருமான பாடி கிரிஃபித், 1981-இல் வெளிவந்த தம் நூலில் கேள்வியையே மாற்றினார். மேட்டின் பின்சரிவில் மறைந்து காத்திருந்து, மிக அருகில் ஓரிரு முறை மொத்தமாகச் சுட்டு, உடனே ஆரவாரத்தோடு துப்பாக்கி முனைக் கத்தியை நீட்டிப் பாய்ந்ததே பிரிட்டிஷ் முறை. வென்றது அதிர்ச்சியும் மனஉறுதியும் என்றார். ஓமனின் விதியில் ஆடினால் பிரிட்டிஷ் தளபதி மேட்டில் நின்று சுட்டுக்கொண்டே இருப்பதுதான் புத்திசாலித்தனம். ஆவணங்களில் வரும் பிரிட்டிஷ் தளபதியோ அப்படிச் செய்யவில்லை. ஆட்டம் வரலாற்று மனிதர்களை மூடர்களாகக் காட்டும்போது, தவறு பெரும்பாலும் விதியிலும் அதன் பின்னாலுள்ள விளக்கத்திலும் இருக்கிறது.

இன்னும் கூர்மையான சோதனை தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. பல பழைய விதி நூல்களில் ஒவ்வொரு படைக்கும் ஒரு தர மதிப்பு உண்டு: பயிற்சி பெற்றது, பெறாதது, அதில் முதல் தரம், நான்காம் தரம் என்று. காலனியப் போர்களை ஆடும்போது ஐரோப்பியர் எப்போதும் மேலே, உள்நாட்டுப் படைகள் கீழே என்று எழுதிவிடுவது எளிது. அந்த விதியோடு காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூருக்கு வருவோம். 1780 செப்டம்பர் 10-இல் கர்னல் பெய்லியின் கீழிருந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் அடியோடு அழித்தார்கள். மற்றொரு கம்பெனித் தளபதியான மன்றோவின் பெரிய படை சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்தது. உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. பெய்லி முந்தைய இரவு பயணத்தை நிறுத்திவிட்டார். போரின் நடுவில் அவருடைய வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பத்தே மாதத்தில், 1781 ஜூலை 1-இல், பரங்கிப்பேட்டையில் கம்பெனித் தளபதி அயர் கூட் 8,000-க்குச் சற்று மேற்பட்ட வீரர்களோடு, தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஹைதரின் படையை, மணல்மேடுகளுக்கிடையே வழி கண்டு பக்கவாட்டில் சுற்றி வென்றார். இரு களத்திலும் மைசூர் வீரர்கள் ஒரே வகையினர். கம்பெனிப் பக்கம் போரிட்டவர்களில் பெரும்பாலோர் இரு முறையும் இந்தியச் சிப்பாய்களே. இனத்துக்கு ஒரு நிலையான தர எண்ணைக் கொடுக்கும் எந்த விதியாலும் பொள்ளிலூரையும் பரங்கிப்பேட்டையையும் சேர்த்து விளக்க முடியாது. ஒன்றைத் தரும் எண் மற்றதைத் தராது. குதிரைப்படை தரும் தகவல், பிரிந்து கிடந்த படைகள் சேர எடுக்கும் நேரம், வெடிமருந்து இருப்பு, தளபதியின் தயக்கம் ஆகியவற்றை விதிக்குள் கொண்டுவந்தால்தான் இரண்டு முடிவுகளும் சாத்தியமாகும். 'ஐரோப்பிய ஒழுங்கே வென்றது' என்று பாடநூல் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். அதே கூற்று மேசைக்கு வந்ததும் இரண்டாவது போரிலேயே உடைந்துவிடுகிறது.

விதிகள் பழைய செய்திகளைத் திரும்பச் சொல்வதோடு நிற்காமல் புதியதைக் காட்டவும் முடியுமா என்று கேட்கலாம். 1942-இல் லிவர்பூலில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில் ஒரு போர்த்தந்திரப் பிரிவு தொடங்கியது. அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல் அணிகளை அழித்துக்கொண்டிருந்த காலம். ராபர்ட்ஸும் அவருடன் பணிபுரிந்த கடற்படை மகளிரும் நடந்து முடிந்த தாக்குதல்களைத் தரையில் கோடிட்டு, சிறு கப்பல் உருவங்களை நகர்த்தி மீண்டும் நடத்திப் பார்த்தார்கள். நீர்மூழ்கி அணிக்கு வெளியே நின்றே டார்பிடோ ஏவுகிறது என்பது அன்றைய நம்பிக்கை. அணியின் நடுவிலிருந்த கப்பல்கள் தாக்கப்பட்ட இடமும் நேரமும் அந்த நம்பிக்கையோடு பொருந்தவில்லை. நீர்மூழ்கி இருட்டில் பின்பக்கமாக நீர்ப்பரப்பிலேயே வந்து அணிக்குள் நுழைகிறது என்று வைத்தபோதுதான் எல்லாம் பொருந்தியது. அதிலிருந்து பிறந்த 'ராஸ்பெரி' என்ற எதிர்த்தாக்கு முறை காவல் கப்பல்களுக்குக் கற்பிக்கப்பட்டது. கிடைத்த அறிக்கைகள் எல்லோரிடமும் இருந்தன. அவற்றை இடத்திலும் நேரத்திலும் ஒருசேர நிறுத்தியபோதுதான் முரண் வெளிப்பட்டது.

என் வாதத்துக்கு எழக்கூடிய முதல் ஆட்சேபம் அறிவு சார்ந்தது. பகடை உருட்டி ஒரு மாலையில் நெப்போலியன் வாட்டர்லூவில் வென்றுவிட்டால் அதனால் என்ன நிரூபணமாகிறது? ஒன்றும் இல்லை என்பதே நேர்மையான பதில். தனி ஆட்டம் எதையும் நிரூபிக்காது. ஆனால் இங்கே சோதிக்கப்படுவது நடந்த நிகழ்ச்சியைப் பற்றி நாம் கொடுக்கும் விளக்கம். ஒரு விளக்கத்தை விதியாக எழுதிப் பலமுறை ஆடும்போது வரலாற்று முடிவு ஒருமுறைகூட வரவில்லை என்றால் விளக்கத்தில் ஏதோ குறை. எப்போதும் அந்த முடிவே வருகிறது என்றால், அன்று களத்தில் நின்றவர்களுக்கு ஏன் முடிவு அவ்வளவு ஐயமாக இருந்தது என்பதை அந்த விளக்கம் சொல்லவில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஃபிலிப் சேபின் 2007-இல் வெளியிட்ட 'லாஸ்ட் பேட்டில்ஸ்' நூல் இந்த ஒழுங்கை முறையாகக் கடைப்பிடித்தது. சான்றுகள் மிகக் குறைந்த பண்டைய போர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றை ஒரே பொதுவிதிக்குள் வைத்து அவர் ஒப்பிட்டார். ஒரு போருக்கு மட்டும் சிறப்பு விதி எழுதி ஒப்பேற்றுவது எளிது. கான்னேக்கும் மாரத்தானுக்கும் ஒரே விதி பொருந்த வேண்டும் என்றால், ஒரு போரில் சொல்லும் எண் மற்றெல்லாப் போர்களையும் பாதிக்கும். ஒப்பீடே அங்கே கட்டுப்பாடாகிறது.

இரண்டாவது ஆட்சேபம் அறம் சார்ந்தது. அதை இலகுவாகத் தள்ளிவிடக் கூடாது. போர் என்றால் மரணமும் பசியும். ஹைதரின் 1780 படையெடுப்பில் கர்நாட்டிக் எனப்பட்ட தமிழகப் பகுதியின் கிராமங்கள் எரிந்தன. தொடர்ந்த பஞ்சத்தில் சென்னை வரை மக்கள் மடிந்தார்கள். மேசைமேல் இவர்கள் யாரும் இல்லை. வயலில் பயிர் உண்டு, உழுதவர் இல்லை. வீழ்ந்த உருவம் பெட்டிக்குள் போய் அடுத்த வாரம் எழுந்து நிற்கிறது. வெல்ஸ் தம் விளையாட்டே பெரிய போரைவிட மேலான மாற்று என்று 1913-இல் நம்பினார். மறு ஆண்டே உலகப் போர் வந்தது. விளையாட்டு போரைத் தடுக்கும் என்று சொல்லுவதற்கு ஆதாரமில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லக்கூடியது இதுதான்: மரணத்தை மறைக்கும் குறை மேசைக்கு மட்டும் உரியதன்று. அம்புக்குறி போட்ட போர் வரைபடமும், தளபதிகளின் வாழ்க்கை வரலாறும், வெற்றித் தூணும் அதையே செய்கின்றன. அவற்றில் விடுபட்டது என்ன என்று பட்டியலிடுவது கடினம். ஆட்டத்திலோ சேர்க்கப்பட்டவை எல்லாம் விதிப் புத்தகத்தில் எழுத்தில் இருப்பதால் சேர்க்கப்படாதவற்றை விரல் வைத்துக் காட்டலாம். உணவு, கொள்ளை, நோய் ஆகியவற்றுக்கு விதி எழுதினால் ஹைதரின் உண்மையான ஆயுதம் கிராமப்புறத்தை வெறுமையாக்கியதே என்பதும், அயர் கூட்டின் படை வென்ற பிறகும் ஏன் பசியால் தடுமாறியது என்பதும் தெரியவரும். துன்பத்தை மேசை உணர்த்தாது. அதற்குக் கடிதங்களும் நாட்குறிப்புகளும் இலக்கியமும் வேண்டும். துன்பத்தை உண்டாக்கிய முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்பதை மேசை காட்டும்.

மூன்றாவது ஆட்சேபம் அழகைப் பற்றியது. தீட்டிய படை பளபளக்கிறது. உண்மையான படை கந்தலும் சேறுமாக இருந்தது. ஸ்பானியப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் வீரனின் சிவப்புச் சட்டை வெயிலில் மங்கி, கிடைத்த துணியில் ஒட்டுப்போட்டுக் கிடந்தது. மேலும், ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையில் பொள்ளிலூர் வெற்றியைக் காட்டும் பெரிய சுவரோவியம் போன்ற மூலங்கள் வென்றவரின் புகழுக்காகவே வரையப்பட்டவை. அவற்றைப் பார்த்துத் தீட்டுபவர் அந்தப் புகழுரையையே பிரதி எடுக்கிறார். இந்த ஆட்சேபத்தில் உண்மை உண்டு, அதற்கான திருத்தமும் இந்தக் கலைக்குள்ளேயே உண்டு. அணிவகுப்பு மைதானத்துப் படையைத் தீட்டுவதா, ஆறு மாதம் நடந்து வந்த படையைத் தீட்டுவதா என்பது ஆர்வலர்களிடையே நெடுநாள் விவாதம். சுவரோவியத்தை எழுத்துச் சான்றுகளோடும், எஞ்சிய உடைகளோடும் ஒப்பிட்டு, எதை ஏற்றோம் எதை விட்டோம் என்று சொல்லும் ஓவியர், அருங்காட்சியகக் காப்பாளர் செய்யும் மூல விமர்சனத்தையே செய்கிறார். சொல்லாமல் விடுபவர்தான் நம்மை ஏமாற்றுகிறார்.

ஆகவே இந்தக் கலையின் மதிப்பு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: முடிவுகள் வெளிப்படையாக இருக்க வேண்டும். நல்ல விதி நூல்களின் இறுதியில் வடிவமைப்புக் குறிப்புகள் என்று ஒரு பகுதி இருக்கும். இந்த எண்ணை ஏன் தேர்ந்தோம், எந்த மூலத்தை நம்பினோம், எங்கே ஊகித்தோம் என்று ஆசிரியர் அங்கே சொல்லுவார். வரலாற்றுத் துறை அந்தப் பகுதிகளை ஆய்வுரைகளாக மதித்து விமர்சிக்க வேண்டும். ஆட்டக்காரர்களும் அவற்றைத் தாண்டிப் பகடைக்குப் போகாமல் படிக்க வேண்டும். சைபோர்ன் பிரஷ்யர்களை நிறுத்தியது தவறாகவே இருந்திருந்தாலும் அது பயனுள்ள தவறு. எங்கே தவறு என்று எவரும் சுட்டிக்காட்ட முடிந்தது. அழுத்தத்துக்குப் பணிந்து அவர்களை எடுத்தபோதுதான் மாதிரி தன் வலிமையை இழந்தது. தமிழ் வாசகர்களுக்கு இதில் நேரான ஒரு பணியும் உண்டு. வந்தவாசி, பொள்ளிலூர், பரங்கிப்பேட்டை ஆகிய களங்களைப் பற்றிக் கம்பெனி ஆவணங்கள் ஏராளம் உண்டு; வந்தவாசிப் போர்க் காலத்துக்குப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பும் உண்டு. அந்தக் களங்களில் ஒன்றை நேர்மையாக ஒரு மேசையில் அமைக்க முயல்பவர், ஏரிக்கரை எங்கே இருந்தது, அந்த மாதத்தில் வயலில் நீர் நின்றதா, பீரங்கி வண்டி எந்த வழியாகப் போயிருக்க முடியும், சிப்பாய்களுக்கு அரிசி எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். இதுவரை எழுதப்பட்ட போர் வரலாறுகள் தளபதிகளின் பெயர்களால் நிறைந்திருக்கின்றன. அந்தக் கேள்விகளுக்கு விடை தேடத் தொடங்கினால், அந்த வரலாற்றில் நிலத்துக்கும் நீருக்கும் அதில் உழைத்தவர்களுக்கும் உரிய இடத்தைக் கணக்கோடு கோர முடியும்.